ஜவுளிக்கடை மாடியில் குதிரைப்படை

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் நான் நண்பர் பாயின் ஜவுளிக்கடைக்குப் போய்விடுவேன். கடை அடைத்திருக்கும். பக்கவாட்டுப் படியில் ஏறினால், பேல் பேலாகக் கட்டிய துணி மூட்டைகளுக்கு நடுவே பெரிய பிளைவுட் மேஜை. அதன்மேல் கரிசல் மண்ணைப் பசையில் குழைத்துப் பூசி, உடைமரக் குச்சிகளைக் காடாக நட்டு, ஒரு போர்க்களம் செய்து வைத்திருந்தோம். பாய் சவுதியில் இருந்தபோது கூட வேலை பார்த்த ஒருவரிடம் ஒரு பெட்டி நிறைய ஈயச் சிப்பாய்களை வாங்கி வந்திருந்தார். விரல் உயரத்தில் வில்லாளிகள், ஈட்டிக்காரர்கள், குதிரைவீரர்கள். அளவுநாடாவும் பகடையும் வைத்துக்கொண்டு, விதிப்புத்தகப்படி அந்தக் காலத்துச் சண்டைகளை ஆடுவோம். நான் தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கும் பிரஸ் நடத்துகிறவன். ஐம்பது தாண்டியவர்கள் பொம்மை வைத்து விளையாடுவதை வெளியில் சொல்லிக்கொள்வதில்லை.

ஒருமுறை எங்கள் ஆட்டத்தைப் படம் எடுத்து இணையத்தில் ஒரு குழுவில் போட்டேன். ‘கோவில்பட்டியா? நானும் இங்கேதான் இருக்கிறேன்’ என்று ஒருவர் எழுதினார். அடுத்த ஞாயிறே வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும், தஞ்சாவூர்ப் பக்கம், மாற்றலில் வந்தவர். என்ன வேலை என்று கேட்டேன். “கவர்மெண்ட்ல சார்” என்று சொல்லிவிட்டுக் குதிரைகளைப் பார்க்கக் குனிந்துகொண்டார்.

அன்று அவர் குதிரைகளை மட்டும் பார்க்கவில்லை. பேல்களைப் பார்த்தார். “இதெல்லாம் சூரத்லேருந்து வருதா சார்?” என்று கேட்டார். மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்து மொபைலில் படம் எடுத்தார். பாய் என்னைப் படிக்கட்டுப் பக்கம் இழுத்துப் போனார்.

“அண்ணாச்சி, அவரு குதிரையவா போட்டோ எடுக்குதாரு? பின்னால இருக்க பேலும் சேந்துல்லா விழுது.”

“ஆசையில எடுக்குதாரு பாய்.”

“கவர்மெண்டுன்னா எந்த ஆபீஸு? வாயத் தொறந்து சொல்ல மாட்டேங்காரே.”

பாய் சொன்னபிறகு எனக்கும் அந்த மனிதரின் முகத்தில் ஏதோ சரியில்லாமல் தெரிய ஆரம்பித்தது.

நானும் பாயும் ஒரு பக்கம், அவர் எதிர்ப்பக்கம். நாங்கள் எப்போதும் குதிரைகளை நீளமாக, மெல்லிய வரிசையாகத்தான் நிறுத்துவோம். எதிரியின் ஓரத்தைச் சுற்றி வளைக்க அதுதான் வசதி. அவரோ தன் பதினைந்து குதிரைகளில் பன்னிரண்டை மூன்று மூன்றாக, ஒன்றன்பின் ஒன்றாக நாலு வரிசை நிறுத்தினார்; மிச்சம் மூன்றை ஓரமாக விட்டார். விதிப்படி முதல் இரண்டு வரிசைதான் சண்டை போடும்.

“பின்னால நிக்கதெல்லாம் சும்மாதான?” என்றேன்.

“நிக்கட்டும் சார்” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. இது கண்துடைப்பு, உண்மையான அடி வேறெங்கோ விழப்போகிறது என்று நினைத்து, நடுவில் இருந்த ஈட்டிக்காரர்களை ஓரத்துக்கு நகர்த்தினேன். அந்தக் குதிரைகள் காட்டுக்கும் மேட்டுக்கும் இடையில் இருந்த சந்து வழியாக நேராக நடுவிலேயே வந்தன. முகப்பு குறுகலாக இருந்ததால் எங்கள் வில்லாளிகளில் பாதிப் பேருக்கு அவை எட்டவேயில்லை. முன்வரிசை விழுந்ததும் பின்வரிசை அந்த இடத்துக்கு வந்தது. உடைத்து உள்ளே வந்ததும், சும்மா நின்ற கடைசி வரிசைகள் எங்கள் முதுகுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் விரிந்தன.

அடுத்த வாரமும் அப்படியே தோற்றோம். நடுவில் அவருக்குப் போன் வந்தால் படிக்கட்டுக்குப் போய்த் தணிந்த குரலில் பேசுவார். பாய் பகடையைக் கையில் வைத்துக்கொண்டே காதைத் தீட்டுவார். “லாரின்னு சொல்லுதாரு அண்ணாச்சி. இவருக்கு லாரியில என்ன சோலி?”

அந்தச் சோலி என்னவென்று நானே பார்த்தேன். ஒரு வேலைநாளில் எட்டயபுரத்துக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். வழியில் ஒரு லாரியை ஓரங்கட்டி, டிரைவரிடம் சரக்குக்கான பில்லை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார் அவர். பக்கத்தில் வரி ஆபீஸ் ஜீப். பஸ் மெதுவாகக் கடந்தபோது நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

பாயிடம் சொன்னேன். “நான் அப்பமே சொன்னம்லா?” என்றார். ஞாயிற்றுக்கிழமை படிக்கதவைப் பூட்டிவிடுவது என்று முடிவு செய்தோம். பூட்டுவதற்குள் அவர் வந்துவிட்டார். உட்காரவில்லை.

“நீங்க என்னைப் பார்த்தீங்க சார். எங்க மாத்தலாகிப் போனாலும், ஆபீஸ் பேரைச் சொன்னதும் ஆட வர்றவங்க நின்னுடுறாங்க. அதனாலதான் சொல்லலை.”

“அப்பம் அந்தப் போட்டோ?” என்றார் பாய்.

அவர் மொபைலைத் திறந்து நீட்டினார். குதிரைகள், குதிரைகளுக்கு நடுவே இருந்த இடைவெளிகள், மறுபடி குதிரைகள். பேல்கள் மங்கலாகத்தான் விழுந்திருந்தன. ஒரே ஒரு படத்தில் மட்டும் குதிரைகள் மங்கி, பேலில் இருந்த முத்திரை பளிச்சென்று தெரிந்தது. பாய் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“ஃபோகஸ் மாறி விழுந்துடுச்சு சார்.”

“எங்கிட்ட எல்லாத்துக்கும் பில் இருக்கு.”

“இருக்கும் சார். நான் கேக்கலையே.”

பாய் நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை. மொபைலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “சரி, குதிரைய நிறுத்துங்க” என்றார்.

அன்றுதான் நான் அவர் முகத்தை விட்டுவிட்டு மேஜையைப் பார்த்தேன். இரண்டாவது வரிசைக்கும் மூன்றாவதற்கும் நடுவே நாலு விரல் இடம் விட்டிருந்தார். முன்னால் இருப்பவர்கள் தோற்று ஓடிவந்தால் பின்னால் இருப்பவர்களையும் இழுத்துக்கொண்டு ஓடிவிடாமல் இருக்க. வலப்பக்கத்தில் மூன்று லேசான குதிரைகள் தனியாக நின்றன. மிச்சம் வந்தவை என்று அதுவரை நினைத்திருந்தேன். அவை காவல். அத்தனை ஆழமாக நிற்கும் படை பக்கவாட்டில் அடிபட்டால் திரும்ப முடியாது. சில வில்லாளிகளை முன்னால் விட்டு அந்தக் காவலைத் தூரமாக இழுத்தேன். பாய் எங்கள் குதிரைகளை விலாவில் விட்டார். மொத்தப் படையும் குழம்பிப் பின்வாங்கியது.

அவர் குனிந்து பார்த்து, “அட” என்று வாய்விட்டுச் சிரித்தார். “காவலை எப்ப சார் கண்டுபிடிச்சீங்க?”

இப்போதும் வருகிறார். நாங்களும் சந்து இருக்கும் களத்தில் குதிரைகளை ஆழமாக நிறுத்துகிறோம். திறந்த வெளியில் காவல் இல்லாமல் அப்படி நிறுத்துவதில்லை. அவர் பேல் பக்கம் நடந்தால் பாயின் கண்ணும் கூடவே நடக்கிறது. போன வாரம் பாய் நாலு வரிசை போட்டு அவரை நடுவில் உடைத்துவிட்டார். அவர் உருட்டிய பகடையில் தொடர்ந்து ஆறு ஆறாக விழுந்தது. அதிகாரி அந்தப் பகடையை எடுத்து உள்ளங்கையில் உருட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“என்ன சார் பாக்குதீங்க?” என்றார் பாய்.

“ஒண்ணுமில்ல சார். சும்மாதான்” என்று சொல்லி, இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார்.