துடக்கு வீட்டு அல்பாக்கா

கம்பளி வெட்டுகிறவர் வந்த அன்று பட்டியில் அப்பா, அம்மா, நான், எங்கள் நான்கு அல்பாக்காக்கள் எல்லோரும் இருந்தோம். பெரியப்பா இல்லை. அவர் முந்தின கிழமைதான் யாழ்ப்பாணத்தில் செத்துப்போயிருந்தார். அப்பாவுக்கு ஒரே தமையன். ஆனாலும் அப்பா செத்தவீட்டுக்குப் போகவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அல்பாக்கா பார்க்க வருகிற காலம், விட்டுவிட்டுப் போக ஏலாது என்றார்.

சிசிலியில் மொண்டெல்லோக் கடற்கரைக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கும் அந்தத் துண்டு நிலத்தை, தான் வீடு துடைத்த இத்தாலியச் சீமாட்டி, அந்தச் சிஞ்ஞோராவிடம் அப்பா குத்தகைக்கு எடுத்திருந்தார். அல்பாக்கா ஒட்டக இனம். ஆட்டைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பு, நீண்ட கழுத்து, மேலெல்லாம் தடித்த கம்பளி. வெயில் ஏறுமுன் அதை வெட்டியே ஆகவேண்டும். வெட்டத் தெரிந்தவர் வருடத்துக்கு ஒருமுறைதான் சிசிலிக்கு வருவார். அன்றே துறைமுகத்தில் நாப்போலிக் கப்பல் ஏறவேண்டும் என்று அவசரமாக மெஷினை எடுத்தார்.

அப்பா மழிக்காத முகத்தோடு குறுக்கே நின்றார். சாவுத் தீட்டு உள்ள துடக்கு வீட்டில் முப்பத்தோராம் நாள் வரை மயிரில் கத்தி படக்கூடாது, மனிசருக்கும் இல்லை, மிருகத்துக்கும் இல்லை என்றார். அதை இத்தாலிய மொழியில் சொல்லுகிற வேலை எனக்கு. வெட்டுகிறவர் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல என்னைத்தான் பார்த்தார். சினையாக நின்ற மண்ணிறப் பெட்டையைக் காட்டி, சூடு வந்தால் முதலில் போவது இதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நானே கையால் வெட்டுகிறேன் என்றேன். அப்பா பெரிய கத்தரியை எடுத்துத் தன் காற்சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டார்.

"படிச்சனி எண்டு எனக்குத் துடக்குப் படிப்பிக்காதை. உங்கடை யூனிவேர்சிற்றியிலை ஆக்கள் சாகிறேல்லையோ?"

எங்கள் பரம்பரையில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்துப் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். தொலைபேசியில் ஊருக்கெல்லாம் அதைச் சொல்லிப் பெருமைப்படுவார். வீட்டில் அதே படிப்பால் எனக்கு அடிப்பார்.

அம்மா கோப்பை கழுவியபடி, அப்பாவுக்குக் கேட்கட்டும் என்று என்னிடம் சொன்னார்.

"கொப்பர் தமையன்ரை முகம் பாக்கப் போகேல்லை. இஞ்சை நிண்டு மிருகத்துக்குத் துடக்குக் காக்கிறார்."

அப்பா சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

துடக்குக் கழிய ஒரு கிழமை இருக்கையில் சிரோக்கோ அடித்தது. ஆபிரிக்கப் பக்கமிருந்து வரும் சுடுகாற்று. மத்தியானம் மண்ணிறப் பெட்டை ஒலிவ் மரத்தடியில் வாயைப் பிளந்தபடி சரிந்து கிடந்தது. அப்பா குழாயைப் பிடித்து முதுகில் தண்ணீர் அடித்தார். வயிற்றில் அடியுங்கோ, முதுகுக் கம்பளி நனைந்தால் சூடு உள்ளேயே நிற்கும் என்றேன். அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

அம்மா கையை நீட்டினார். "கத்தரியைத் தாங்கோ."

அப்பா கொடுக்கவில்லை. தானே குந்தி வெட்டத் தொடங்கினார். ஒரு பக்கம் முடிகிற நேரம் அது காலை உதைத்து மூச்சடங்கியது. அப்பா அதைப் புரட்டிப் போட்டு மற்றப் பக்கத்தை வெட்டினார்.

"இனி ஆருக்கு வெட்டுறியள்?" என்று அம்மா கேட்டார்.

அப்பா கடைசி மயிர்வரை வெட்டினார். பிறகு கத்தரியை நிலத்தில் வைத்துவிட்டுப் போனார். மிச்ச மூன்றையும் அதே கத்தரியால் நான் வெட்டினேன். அவை பிழைத்துக்கொண்டன.

முப்பத்தோராம் நாள் அப்பா கபோச் சந்தைச் சலூனில் முகம் மழித்துக்கொண்டு வந்து, தமையனுக்குப் படைக்க இலை போட்டார். பட்டியில் செத்ததுக்கும் சேர்த்து ஒரு இலை காணுமோ என்று அம்மா கேட்டார்.

தாய், வயிற்றுக்குள் இருந்த குட்டி, மிருக வைத்தியர், உடலை ஏற்றிப்போன லொறி, எல்லாமாக நட்டம் நாலாயிரத்து அறுநூறு யூரோ.