துவக்குக்கு ஒரு ரெஃபரன்ஸ்

வேலைக்கு ரெஃபரன்ஸ் கொடுத்திருக்கிறேன். வாடகை வீட்டுக்கும் கொடுத்திருக்கிறேன். துவக்குக்கு, அதாவது துப்பாக்கிக்கு, கொடுக்கச் சொல்லி என்னிடம் கேட்டது அண்மையில்தான்.

கேட்டவன் ரமணன். இங்கே நியூ லின் என்ற புறநகரில் இருக்கும் நண்பன். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

கோடை முடிகிற நேரம், பட்டப்பகலில் அவன் வீட்டுப் பின்கதவை உடைத்துக்கொண்டு இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். அவன் வேலையில். மனைவி வாசுகி பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, அவர்கள் லேப்டாப்பையும் நகைப்பெட்டியையும் எடுத்துப் போகும்வரை மூச்சுவிடாமல் நின்றிருக்கிறாள்.

"இனி ஒருத்தன் வந்தா வெடிதான் மச்சான்!" என்றான் ரமணன்.

அதற்குப் பிறகு எங்களுக்கு வேறு பேச்சே இல்லை. ஷாட்கன்னா, ரைஃபிளா? இரண்டு பேரும் யூடியூப்பே கதி என்று கிடந்தோம்.

"ஷாட்கன் எண்டா பெரிசா குறி பாக்கத் தேவையில்லை."

"வீட்டுக்குள்ள ஒடுக்கமான நடையில அதைத் திருப்பேலாது மச்சான்."

இரண்டாவதைச் சொன்னது நான். மீன் வெட்டும் கத்திக்கு மேல் எதையும் கையில் பிடித்ததில்லை! ஆனாலும் — வெட்கத்தோடு சொல்கிறேன் — அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. வெடிச்சத்தம் கேட்காத நாடு என்றுதானே இங்கே வந்தோம்? அது நினைவுக்கே வரவில்லை.

ஒரு சிக்கல். வீட்டுப் பாதுகாப்புக்கு என்று காரணம் சொன்னால் இங்கே லைசன்ஸ் கிடைக்காது.

"முயல் சுட எண்டு எழுதியிருக்கிறன். உன்ர பேரைக் குடுத்திருக்கிறன். கேட்டா ஓம் எண்டு சொல்லு."

சரி என்றேன்.

லைசன்ஸ் விஷயமாக விசாரிக்க அதிகாரி என் வீட்டுக்கு வரவிருந்த காலை, வாசுகி போன் செய்தாள்.

"அண்ணா, என்னட்டையும் கேட்டவை. நான் சம்மதம் எண்டு சொல்லிட்டன்."

"பிறகென்ன?"

"நேற்று உடுப்புக் காயப்போட்டிட்டுப் பின்கதவால வந்தனான். இவர் கிரிக்கெட் மட்டையை ஓங்கிக்கொண்டு நிக்கிறார். அடி விழேல்லை... கடைசி நேரத்தில கண்டிட்டார். பிறகு நிலத்தில இருந்து அழுதவர்."

குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அது துவக்கா இருந்திருந்தா, அண்ணா? நீங்களாவது வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. நான் கதைச்சது அவருக்குத் தெரிய வேண்டாம்."

"சொல்லமாட்டன்" என்றேன்.

பதினொரு மணிக்கு அதிகாரி வந்தார். தன்மையான மனிதர். தண்ணீர் போதும் என்றார். ரமணன் வேட்டைக்குப் போவாரா என்று கேட்டார்.

'ஓம்' நாக்கு நுனிவரை வந்தது. இருபது வருட நட்பு...

"இல்லை" என்றேன். "அவன் பயந்துபோயிருக்கிறான். அதனால்தான் கேட்கிறான். இப்போதைக்குக் கொடுக்காதீர்கள்."

லைசன்ஸ் கிடைக்கவில்லை. யார் வேலை என்று ஊகிக்க ரமணனுக்கு அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

"உன்னை நம்பித்தானே பேர் குடுத்தனான்?"

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டான்.

மூன்று வாரம் பேச்சில்லை. எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை. மறுபடி யாராவது அந்தக் கதவை உடைத்தால்? யார் பதில் சொல்வது? செய்தியில் நியூ லின் என்று வந்தாலே சத்தத்தைக் கூட்டினேன். வாசுகி சொன்னதை ரமணனிடம் சொல்லிவிடலாமா என்று பத்துத் தடவை போனை எடுத்தேன். வைத்தேன். வாக்குக் கொடுத்தாயிற்றே!

போன ஞாயிறு அவனே கூப்பிட்டான். வாசுகி எல்லாவற்றையும் தானே சொல்லிவிட்டாளாம். இதை எழுதவும் இருவரும் சம்மதித்தார்கள்.

"அவள் கள்ளனுக்குத்தான் பயப்பிடுறாள் எண்டு நினைச்சனான் மச்சான்" என்றான்.

நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நினைத்தோம், சரி... கள்ளன் வந்த அன்று வீட்டில் இருந்தது அவள் ஒருத்திதான். அவளிடம் நாங்கள் ஒரு வார்த்தை கேட்டோமா?