பூத்த கொப்பு

நகோயாவில் பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமைகளில் என் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்து, பூத்த கிளையை வெட்டச் சொல்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கை நின்றுவிடுகிறது. இகேபானா என்னும் ஜப்பானியப் பூ அலங்கார வகுப்பு அது. தட்டையான பீங்கான் தட்டு, அதற்குள் ஆணிகள் நிமிர்ந்த ஒரு கனத்த கட்டை, அதில் குத்தி நிறுத்திய உமே மரத்துக் கிளை, துணைக்கு இரண்டு பூ. மீதியெல்லாம் வெற்றிடம். முழம் முழமாக நெருக்கிக் கட்டிய பூவையே பார்த்து வளர்ந்த எனக்கு அந்த வெற்றிடமே பெரிய தொல்லை. தட்டுக்கு ஒரு முகமும் உண்டு. யாருக்காக வைக்கிறோமோ, அவர் பக்கம் அதைத் திருப்பிவைக்க வேண்டும். குளிர் விடுமுன்பே மொட்டைக் கிளையில் பூத்துவிடும் உமேதான் இங்கே வசந்தத்துக்குக் கட்டியம் கூறும் பூ. நான் தயங்குவதைப் பார்த்து, "கை வலிக்கிறதா?" என்று கேட்டார் சென்செய். ஆசிரியையை அப்படித்தான் அழைக்கிறோம். என் அரைகுறை ஜப்பானியத்தில், "பூ வெட்டினால் பழம் இல்லை" என்றேன். பாவம், அடுத்த வாரம் எனக்காக ஒரு புட்டி உமேப் பழ ஊறுகாய் கொண்டுவந்து கொடுத்தார்.

சித்தூருக்குப் பக்கத்தில் மாந்தோப்பு வைத்திருப்பவரின் மகள் நான். எங்கள் பக்கத்தில் மரம் பூத்ததுமே வியாபாரி வந்து, தோப்பைச் சுற்றிப் பார்த்து, பூவிலேயே விலை பேசி முடித்துவிடுவார். அன்று முதல் மரம் எங்களுடையது, பூ அவருடையது. "பூத்த கொப்பு மேல கை வெக்காத. அது நம்முளுது இல்ல" என்பார் நைனா. சாமிக்கென்றுகூட ஒரு கொத்து ஒடிக்க விட்டதில்லை. திருப்பதிக்குப் போனாலோ, அடிவாரத்திலேயே அம்மா என் தலைப்பூவை எடுத்துவிடுவாள். மலைமேல் இருக்கும் பூவெல்லாம் பெருமாளுக்குத்தான். இப்படிப் பூ என்றாலே வேறு யாருடையதோ என்று வளர்ந்தவளிடம், உன் கண்ணுக்காக மட்டும் ஒன்றை வெட்டிக்கொள் என்றால் எப்படி?

அம்மா போனபிறகு நைனா தனியாக இருக்கிறார். இந்த வருஷம் மாம்பூ கொட்டுவதற்குள் ஒரேயடியாக ஊர் திரும்பிவிடுவோம் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். என் கணவருக்கோ வேலையை இன்னும் இரண்டு வருஷம் நீட்டித்துவிட்டார்கள். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது, முதலில் என் பூத்தட்டைக் காட்டினேன்.

"இன்னாம்மா இது, பாதிப் பூவ ஆடு துன்னுடுச்சா?"

சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டு, "எத்தினி மணிக்கு ப்ளைட்டு எறங்குது? ரேணிகுண்டாவுக்கு வண்டி சொல்லணும், டிரைவரு கேட்டுக்கினே இருக்கான்" என்றார்.

சொல்லிவிட்டேன். திரையில் அவர் முகம் அசையவில்லை. நெட் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். அப்புறம், "ரெண்டு வருஷம்தான, ஓடிப்பூடும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அன்று முழுக்க எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. அழுதுகொண்டே சமைத்தேன்.

மறுநாள் ஒரு புகைப்படம் வந்தது. திறந்த வாசலுக்கு எதிரே, கூடத்து மேஜைமேல் அம்மாவின் பித்தளைச் சொம்பு, அதில் பூ அப்பிய மாங்கொப்பு ஒன்று. கூடவே அவர் குரல்: "நீ வர்ற வரிக்கும் பூ நிக்குமா? அதான் வெட்டிட்டேன். வியாபாரி கேட்டா, என் பொண்ணு பங்குன்னு சொல்லிக்கிறேன். ஒங்க டீச்சரம்மாகிட்ட காட்டி, சரியா வெச்சிக்கீறனான்னு கேளு."

கேட்டேன். சென்செய் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "பூ அதிகம்" என்றார். பிறகு படத்தில் கொப்பு சாய்ந்திருந்த பக்கத்தை விரலால் தொட்டு, "முகம் வாசலைப் பார்க்கிறது. வரப்போகும் விருந்தாளிக்காக. சரியாகத்தான் வைத்திருக்கிறார்" என்று மனமாரப் பாராட்டினார். விருந்தாளி இல்லை, மகள் என்று சொல்லியிருக்கலாம். அந்த அளவுக்கு எனக்கு ஜப்பானியம் வரும்.

அன்று கை நிற்காமல் உமேக் கிளையை வெட்டினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து, ஊர் இருக்கும் திசையைப் பார்த்த மேற்கு ஜன்னலில் முகத்தை வெளிப்பக்கம் திருப்பி வைத்தேன். அறைக்குள் உட்கார்ந்திருக்கும் எனக்கு அதன் முதுகுதான் தெரிகிறது.