முட்டைக்குக் காவல் இருந்தவனும் புதுமாப்பிள்ளையும்

இஷ்ரத்தின் நிக்காஹ் வந்த அதே வாரத்தில்தான் அவள் அறையில் ஓர் ஆண்மீன் முட்டைக்குக் காவல் உட்கார்ந்தது. இரண்டில் எது பெரிய விசேஷம் என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லித் தொலைத்திருப்பாள், வீட்டில் ரகளை ஆகியிருக்கும்.

காயல்பட்டினத்தில் அவளுக்குச் 'சக்கர் இஷ்ரத்' என்றே பெயர். தொட்டிக் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசி சுரண்டுமே, அதுதான் சக்கர். கடைக்காரர்கள் பிளெக்கோ என்பார்கள். பெரிய ஜாதி முழங்கை நீளம் வளரும், வீட்டுத் தொட்டியில் குஞ்சு வைக்காது. இஷ்ரத் வளர்ப்பது சின்ன ஜாதி. ஆணுக்கு மூஞ்சி முழுக்க முள்முள்ளாக மீசை. கல்லூரியில் படிக்கும்போது பாசி தின்னட்டும் என்று ஒன்றை வாங்கி வந்தாள்; பைத்தியம் பிடித்துக்கொண்டது. முதல் ஜோடியைக் கிணற்று உப்புத் தண்ணீரில் விட்டுச் சாகக் கொடுத்தாள். ஒரு நாள் முழுக்க அழுதாள். மறுநாளே குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரை டிரம்மில் பிடித்து, குளோரின் வாடை போகும்வரை ஆறவிட்டு, மறுபடி ஆரம்பித்துவிட்டாள். இப்போது திருநெல்வேலி டவுண் கடைகளிலிருந்து ஆள் தேடி வருகிறார்கள். "என் குஞ்சு சாகாது" என்று முகத்துக்கு நேரே சொல்வாள். கர்வம்தான். ஆனால் குஞ்சு சாகாது.

இந்த முறை முட்டையிட்டது சாதாரண ஜோடி இல்லை. வெளிர்மஞ்சள் உடம்பு, முந்தானை மாதிரி நீண்ட துடுப்பு. சுரைக்காயும் வெள்ளரிக்காயும் வேகவைத்துப் போட்டும், குளிர்ந்த தண்ணீரை ஊற்றி மழை வந்துவிட்டது என்று ஏமாற்றியும், ஒரு வருஷமாக மசியாமல் இருந்தவை. கல்யாண வேலை நடக்கும்போது பெண்மீன் மண்குழாய்க்குள் ஆரஞ்சு நிற முட்டைக் கொத்தை ஒட்டிவிட்டு, தன் வேலை முடிந்தது என்று போய்விட்டது. இனி பொரிக்கும்வரை ஆண்தான் உள்ளேயே கிடந்து துடுப்பால் விசிறவேண்டும்.

அந்த ஊரில் கல்யாணமான பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வருகிறவருக்கு நல்ல அறை கொடுக்கவேண்டும். நல்ல அறையில் மீன் இருந்தது. உம்மா கமர் நிஷா மற்ற தொட்டிகளை எல்லாம் மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டாள். இதில் கை வைத்தபோது இஷ்ரத் குறுக்கே நின்றாள்.

"தொட்டியை ஆட்டுனா ஆண்மீனு பயந்து முட்டையை வெளிய தள்ளிரும் உம்மா. இது மட்டும் இங்கன இருக்கட்டும்."

"மாப்பிள்ளை ஹாங்காங்ல ரத்தினக் கல்லு யாவாரம் பண்ணுதாக. அவகளைப் பாசித் தண்ணிக்குப் பக்கத்துல படுக்க வைக்கச் சொல்லுதியா?"

கடைசியில் உம்மா ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள். முட்டை பொரித்தால் மீன் வளர்ப்பு தொடரலாம். பாழாய்ப்போனால் மாடியில் இருப்பது உட்பட அத்தனையையும் கடைக்காரருக்குக் கொடுத்துவிட வேண்டும். "பொரிக்கும், பாரு" என்றாள் இஷ்ரத். உம்மா அதோடு விடவில்லை. தொட்டிக்கு முன்னால் ஜரிகை வைத்த பச்சைத் திரையைத் தொங்கவிட்டு, பின்னால் பழைய பீரோ இருப்பதாக மாப்பிள்ளையிடம் சொல்லியும் வைத்தாள். நாமே பைய சொல்லிக்கொள்ளலாம் என்று இஷ்ரத்தும் வாயை மூடிக்கொண்டாள். அங்கேதான் வந்தது வினை.

நிக்காஹுக்கு மறுநாள் விடிகாலை சுபுஹுத் தொழுகைக்கு எழுந்தவளுக்கு அறை என்னவோ போலிருந்தது. தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டாரின் உர்ர் சத்தம் இல்லை. மாப்பிள்ளை அஃப்சல் தொழுகைப் பாயை மடித்துக்கொண்டே சொன்னான்: "ராத்திரி படுத்ததும் பீரோக்குப் பின்னால ஒரே இரைச்சல். திரையோரமா கையை விட்டுத் தடவுனேன், சுவத்துல சுவிட்ச் ஒண்ணு இருந்துச்சு. அணைச்சிட்டேன்."

இஷ்ரத் திரையை இழுத்த இழுப்பில் கம்பியே கழன்று வந்தது. புதுப்பெண் என்பதெல்லாம் மறந்துபோயிற்று. "என்ன காரியம் பண்ணிட்டீங்க! உள்ள உசுரு இருக்குல்லா!" என்று கத்திக்கொண்டே சுவிட்சைப் போட்டாள். ஆண்மீன் இருந்த இடத்தில்தான் இருந்தது. மோட்டார் நின்ற தண்ணீரில் ஒற்றை ஆளாக விசிறியிருக்கிறது. துடுப்பு இன்னும் நிற்கவில்லை. ஆனால் கொத்தில் பாதி உதிர்ந்து குழாய்க்கு வெளியே கிடந்தது. உயிர் இருக்கிறதா என்று வெறுங்கண்ணுக்குத் தெரியவில்லை.

அஃப்சல் பெட்டியைத் திறந்து, கல் பார்க்கும் லென்ஸை எடுத்து வந்தான். அவள் உதிர்ந்த முட்டைகளை டீ வடிகட்டியில் அள்ளித் தண்ணீர் மட்டத்தில் பிடித்தாள். அவன் லென்ஸைக் கண்ணில் வைத்து, தொட்டிக்குள் விழாத குறையாகக் குனிந்தான்.

"இது வெள்ளையாப் பூத்துருக்கு, ஒதுக்கிரு. இதுவும். பொறு, பொறு... இதுக்குள்ள வாலு துடிக்குது. இதுலயும்! அந்தா ஒரு குஞ்சு வயித்துல மஞ்சக்கரு உருண்டையைச் சுமந்துக்கிட்டு வெளியவே வந்துட்டு!" கல்லில் கீறல் தேடிப் பழகிய ஆளின் குரல் சின்னப்பிள்ளை குரலாகிவிட்டது. வடிகட்டியைத் தானே வாங்கிப் பிடித்துக்கொண்டான்.

மாப்பிள்ளைக்கு இனிப்பு வட்டிலப்பத் தட்டோடு வந்த உம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். திரை தரையில் கிடக்கிறது; புதுமாப்பிள்ளையின் சட்டைக் கை முழங்கைவரை நனைந்திருக்கிறது.

"யா அல்லாஹ்! மன்னிச்சுக்கோங்க மாப்பிள்ளை. மாடியில மத்த தொட்டியோட இதையும் இன்னைக்கே ஏத்திருதோம்."

"வேண்டாம் மாமி." அஃப்சல் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இந்த அறைக்கு எனக்கு முன்னால வந்தவன் அவன். இருக்கட்டும். மாடியில இருக்குறதையும் கீழ இறக்கச் சொல்லுங்க."

நிக்காஹ் நேற்றே முடிந்திருந்தாலும், இஷ்ரத்துக்கு அவனைப் பிடித்துப்போனது அந்த நிமிஷம்தான். அதை உம்மா முன்னால் சொல்ல அவளுக்கென்ன பைத்தியமா?

"மச்சான், பேச்சை விட்டுட்டு வடிகட்டியை ஆடாமப் பிடிங்க" என்றாள்.