முறைப்பாடு இல்லை

நாட்டை விட்டு வந்து, நோர்பரியில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கோப்பு அடுக்கிக்கொண்டிருந்த காலத்திலும் எங்கள் ஆட்கள் என்னை ‘ஜட்ஜ் ஐயா’ என்றுதான் கூப்பிட்டார்கள். அது எனக்குப் பிடித்தும் இருந்தது. ஊரில் நீதவானாகத் தொடங்கி மேல் நீதிமன்றம் வரை போனவன் நான். கலவரம் வந்திராவிட்டால் உச்ச நீதிமன்றத்திலும் இருந்திருப்பேன் என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லித் திரிந்தேன்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள் ஹவுன்ஸ்லோவிலிருந்து ஒருவன் வந்தான். விமான நிலையத்தில் துப்புரவு வேலை. அவனுடைய அகதி மனு தள்ளுபடியாகி, மேன்முறையீட்டுக்கு மூன்று கிழமைதான் இருந்தது. அதிலும் தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஊரில் பொலிஸ் காவலில் வைத்து அடித்தார்கள் என்கிறான்; காட்ட ஒரு துண்டுத் தாளும் இல்லை. கோப்பை வாங்கிய என்னை உற்றுப் பார்த்தான்.

“ஐயா, நீங்கள்தானே என்னை ரிமாண்ட்ல போட்டனீங்கள்?”

“ஆள் மாறிக் கதைக்கிறீர்,” என்றேன்.

பச்சைப் பொய். கண்டவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று கூண்டில் ஏறியதும் எல்லாரையும்போல என்னைக் கும்பிடப் பார்த்தான். கைகள் நெஞ்சுவரைகூட எழவில்லை. அவனைக் கொண்டுவந்த பொலிஸ்காரர்கள் பின்னாலேயே நின்றார்கள். “பொலிஸ்மேல முறைப்பாடு ஏதும் இருக்கோ?” என்று வழக்கப்படி கேட்டேன். “இல்லை ஐயா,” என்றான். ‘முறைப்பாடு இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிட்டேன். வாயால் சொன்னதை எழுதினால் போதும் என்பது எங்கள் கோர்ட்டுகளின் பழக்கம். எனக்கு அது நல்ல வசதியாகப் போயிற்று.

இரண்டு நாள் அவனுடைய கோப்பைத் திறக்காமலேயே வைத்திருந்தேன். கடைசியில் மனைவியிடம் சொன்னேன்.

“அவனைத் திருப்பி அனுப்பினா என்ன நடக்குமெண்டு உங்களுக்குத் தெரியும்தானே?”

“ஓம். ஆனா நான் சாட்சி சொன்னா என்ர பேர் நாறிப்போகும்.”

“நாறட்டும். போய்ச் சொல்லுங்கோ.”

அவள்மேல் அப்படி ஒரு எரிச்சல் வந்தது. மறுநாள் வழக்கறிஞரிடம் போய், நானே சாட்சி என்றேன்.

விசாரணை அறை சின்னது. சாட்சி நாற்காலியில் வாழ்நாளில் முதல் தடவையாக உட்கார்ந்தேன். கண்டதையும் எழுதியதையும் சொல்லி முடித்ததும், அரச தரப்பில் வந்த பெண் ஆங்கிலத்தில் நிதானமாகக் கேட்டாள்.

“அப்போது பொய் எழுதினீர்களா, இப்போது பொய் சொல்கிறீர்களா?”

“அப்போது.”

“ஏன்?”

காலம் பொல்லாதது, உயிர்ப்பயம், சட்ட நடைமுறை என்று ரயிலில் வரும்போதே நல்ல நல்ல பதில்களை அடுக்கி வைத்திருந்தேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மேல் நீதிமன்றப் பதவிக்கு என் பெயர் போயிருந்தது,” என்றேன். “பொலிசைப் பகைத்தால் கிடைக்காது என்று நினைத்தேன்.”

விசாரித்த நீதிபதி தலை நிமிராமல் எழுதிக்கொண்டார்.

சில கிழமைகளில் தீர்ப்பு வந்தது. அவன் இங்கேயே இருக்கலாம். அலுவலகத்தில் எல்லாரும் அவனுக்குக் கை கொடுத்துக்கொண்டிருக்க, நான் அந்தத் தாள்களைப் பின்னறைக்கு எடுத்துப்போய் வாசித்தேன். என்னைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது.

‘இந்தச் சாட்சியை நம்புகிறேன், தன்னைப் பற்றி இவ்வளவு கேவலமான ஒன்றை எவரும் இட்டுக்கட்ட மாட்டார்கள்.’