வெடிக்கும் முன்பே சொல்பவள்

எங்கள் வீட்டில் எனக்கு ஒரு பெயர் உண்டு. படத்தில் குண்டு வெடிப்பதற்கு முன்பே அது யாரிடம் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். தாடி, வாய்க்குள் ஒரு முணுமுணுப்பு, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட். அரபியில் இரண்டு வார்த்தை பேசினால் போதும், பின்னணி இசை மாறிவிடும். "இவன்தான்" என்பேன். என் கணவர் ரிமோட்டை வைத்துவிட்டுக் கைதட்டுவார். தமிழ்ப் படமோ ஆங்கிலத் தொடரோ, நான் தோற்றதே இல்லை. தோற்க என்ன இருக்கிறது? எல்லாவற்றிலும் ஒரே ஆள்தானே வருகிறான், சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு.

ஆக்லாந்துக்கு வந்த புதிதில் ரானுயி என்ற பகுதியில் ஒரு டெய்ரியில் வேலை பார்த்தேன். இங்கே தெருமுனை மளிகைக் கடைக்கு அதுதான் பெயர். முதலாளி எனக்கு முதலில் காட்டியது பால் இருக்கும் இடத்தை அல்ல, கவுண்டருக்கு அடியிலிருந்த சிவப்புப் பொத்தானை. திருட வந்தால் அழுத்த வேண்டும். நொடியில் கடை முழுக்க வெள்ளைப் புகை அடைத்துக்கொள்ளும், போலீசுக்கும் தகவல் போய்விடும். நாம் பின்கதவு வழியாக ஓடிவிட வேண்டும். மூச்சை அடைக்காது, கண்தான் தெரியாது என்றார். வேறொரு கடைக்குள் திருடர்கள் சுத்தியலோடு வந்தார்கள் என்றும் சொல்லிவைத்தார். அன்று முதல் கதவு மணி அடிக்கும்போதெல்லாம் என் கை அந்தப் பொத்தானைத் தேடும்.

அது ஜூலை மாதம், இங்கே குளிர்காலம். காலை பத்து மணி இருக்கும், நல்ல மழை. கடையில் நான் மட்டும். அந்த ஆள் உள்ளே வந்தார். தாடி. பெரிய கருப்பு கோட், கழுத்துவரை பொத்தான். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே புடைத்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்க்கவே இல்லை. குனிந்து, தனக்குத்தானே பேசுவதுபோல ஏதோ முணுமுணுத்தார். அரபி. அர்த்தம் தெரியாவிட்டாலும் அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம்தான், இத்தனை படம் பார்த்திருக்கிறேனே. இவன்தான், இவன்தான் என்று மனசு அடித்துக்கொண்டது. அவர் மேல் பொத்தானைக் கழற்றி, கோட்டுக்குள் கையை விட்டார்.

நான் அழுத்திவிட்டேன்.

பின்கதவு வழியாக ஓடி மழையில் நின்றேன். வெடிக்கப்போகிறது என்று காதைப் பொத்திக்கொண்டேன். வெடிக்கவில்லை. கையை எடுத்தபோது உள்ளேயிருந்து ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழும் சத்தம் கேட்டது.

கடைக்குள் குழந்தை எதுவும் வரவில்லையே என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு புரிந்தது. அதுவரை நான் பயந்ததெல்லாம் பயமே இல்லை. அழுகை இருமலாக மாறியது. அப்புறம் அதுவும் நின்றது. மூச்சை அடைக்காது என்று சொன்ன முதலாளி கைக்குழந்தையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. திரும்பப் புகைக்குள் ஓடினேன். என் கையே எனக்குத் தெரியவில்லை. ரொட்டி அடுக்கில் மோதி, "பேபி! பேபி! இந்தப் பக்கம்!" என்று கத்தினேன். கோட் கையில் பட்டது. பிடித்தேன், தட்டிவிட்டார். மறுபடி பிடித்து, தடவித் தடவி முன்கதவைக் கண்டுபிடித்து வெளியே இழுத்து வந்தேன்.

காற்று பட்டதும் குழந்தை மறுபடி அழ ஆரம்பித்தது. அந்த அழுகையைக் கேட்டு எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. துணியால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தார். மூன்று மாதம்கூட இருக்காது. "பால் பவுடர் வாங்க வந்தேன்" என்றார் ஆங்கிலத்தில். "நான் என்ன செய்தேன்?" என்ன சொல்வது? படம் பார்த்தேன் என்றா?

அப்போது சைரன் கேட்டது. அவர் முகம் வெளிறிப்போனது. போலீஸ் கார் வந்து நிற்பதற்குள், யாரும் கேட்காமலே, கோட்டின் பொத்தான்களை மளமளவென்று கழற்றி, இரண்டு பக்கமும் விரித்துவிட்டு, கைகளைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றார். போலீஸ் முன்னால் இப்படித்தான் நிற்க வேண்டும் என்று அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. மழை நேராகக் குழந்தையின் வெறுந்தலையில் விழுந்தது.

"அவர் ஒன்றும் செய்யவில்லை! நான்தான்!" என்று போலீசைப் பார்த்துக் கத்திக்கொண்டே, குழந்தையின் தலையை மறைக்க என் இரண்டு கைகளையும் நீட்டினேன்.

அவர் சட்டென்று ஓர் அடி பின்வாங்கினார். என்னைப் பார்த்துத்தான் பயந்தார். கைகளை மட்டும் இறக்கவே இல்லை.