விஷக்காவின் நாற்பத்திரண்டாம் சாவு

சாவதற்கு முன்னால் விஷக்கா ஒருமுறை மூக்கைச் சிந்திக்கொள்வாள். கொண்டையை அவிழ்த்துப் பக்கவாட்டில் முடிந்துகொள்வாள். மல்லாந்து கிடக்கும்போது குத்தக் கூடாதாம். நெற்றியிலும் கழுத்திலும் தண்ணீர் தெளித்து வேர்வை வரவழைத்துக்கொண்டு கட்டிலில் ஏறிப் படுத்து, "ம், வரச் சொல்லுங்க அவங்கள" என்பாள். அதற்கப்புறம் அவள் மனுஷி இல்லை, கேஸ்.

விஷமுறிவு வார்டில் பதினெட்டு வருஷமாக உதவியாளர் அவள். கடல் தாண்டி இருக்கும் ஒரு மருத்துவமனையோடு கைகோத்து அந்த வார்டு, டாக்டர்களுக்குப் பயிற்சி நடத்துகிறது. உடம்புக்குள் போன விஷம் எது என்று கண்டுபிடித்து ஆளைப் பிழைக்க வைக்கும் பயிற்சி. நோயாளியாக நடிக்க ஆள் தேடியபோது நர்ஸுகள் ஒவ்வொருவராக நழுவ, இவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படுத்தாள். இதுவரை நாற்பத்தொரு முறை செத்திருக்கிறாள். பிழைத்தது ஒன்பது முறைதான். சாயங்காலம் வீட்டுக்காரர் கதவைத் திறக்கும்போதே, "இன்னைக்கு என்ன, உசிரோடவா வந்திருக்க?" என்று கேட்பார்.

அவளுக்குப் பிடித்த கேஸ் ஒன்று உண்டு. மாமியாருக்குத் தெரியாமல் மருமகள் உடம்பு இளைக்கிற பொடி வாங்கித் தின்றிருக்கிறாள்; இதயம் தறிகெட்டு ஓடுகிறது. மாமியாராக வருபவர் மருந்தாளுநர். மீசையை எடுக்க மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றுவிட்டார். தலையில் சால்வை போர்த்தினால் போதும் என்பது அவர் வாதம். மருமகளிடம் எதைக் கேட்டாலும் பதில் சால்வைக்குள்ளிருந்துதான் வரும். "என் மருமக வீட்டுச் சாப்பாடத் தவிர வேற எதையும் தொட மாட்டா டாக்டர்!" பொட்டலம் விஷக்காவின் தலையணைக்குக் கீழே இருக்கும். மாமியாரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டால் எடுத்துக் கொடுப்பாள். அனுப்பாவிட்டால் கால் மணி நேரத்தில் மணி அடிக்கும், செத்துப்போவாள். மணியும் மாமியார் கையில்தான்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க அந்த வெளிநாட்டு மருத்துவமனையின் பெரிய டாக்டர் வந்திருந்தார். அவர் கையெழுத்துப் போட்டால் இன்னும் ஐந்து வருஷத்துக்கு முறிமருந்துகள் வரும்; வருஷத்துக்கு இரண்டு டாக்டர்கள் அங்கே போய்ப் படிக்கலாம். மனிதர் சும்மா இருக்காமல், "இந்தக் கேஸை நானே பார்க்கிறேன்" என்று கோட்டைக் கழற்றினார். வார்டின் தலைமை டாக்டரம்மா விஷக்காவிடம் ஓடினார். கட்டிலருகே குனிந்து, "அக்கா, உங்க கால்ல வேணும்னாலும் விழறேன். இன்னைக்கு ஒரு நாள் பிழைச்சுக்குங்க" என்று கிசுகிசுத்தார்.

"கேக்க வேண்டியத அவர் கேக்கட்டும் மேடம். பிழைச்சுக்கறேன்."

பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. சில வருஷங்களுக்கு முன்னால் இதே வார்டில் நிஜமாகவே ஒரு மருமகள் கிடந்தாள். வீடே அவளைச் சுற்றி நின்றது. யாரையும் யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. மறுநாள் காலியான கட்டிலைத் துடைக்கப் போன விஷக்காவின் கையில்தான் தலையணை உறைக்குள்ளிருந்த பொட்டலம் அகப்பட்டது. தனியாகக் கேட்டிருந்தால் அந்தப் பெண் சொல்லியிருப்பாள் என்ற ஆத்திரம் அவளுக்கு இன்னும் அடங்கவில்லை. டாக்டரம்மாவுக்கும் அது தெரியும்.

பெரிய டாக்டர் கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், தோலைத் தொட்டுப் பார்த்தார், மூச்சு விடாமல் இருபத்திரண்டு ரத்தப் பரிசோதனை சொன்னார். மொழிபெயர்க்கும் பெண் வழியாகக் கேள்வி மேல் கேள்வி. எல்லாவற்றுக்கும் மாமியார் பதில் சொன்னார். விஷக்கா அரைக்கண்ணால் மாமியாரைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், மறுபடி மாமியாரைப் பார்த்தாள். ஒரு நோயாளி அதற்கு மேல் என்னதான் செய்வாள்? டாக்டரம்மா இருமினார், செருமினார், மறுபடி இருமினார். மருந்தாளுநர் பாவம், நேரமானதும் மணியை அடித்தார். விஷக்கா ஒரு விக்கல் விக்கி, தலையைச் சாய்த்துச் செத்தாள்.

பெரிய டாக்டர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். டாக்டரம்மா ஒப்பந்தக் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"எதனால செத்தீங்கன்னு கேக்கறார்" என்றாள் மொழிபெயர்க்கும் பெண்.

பிணம் பேசாது என்பது விஷக்காவின் சட்டம். ஆனால் பார்க்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. ஒரு கண்ணைத் திறந்து சால்வையையும் மீசையையும் நிதானமாகப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். பெரிய டாக்டரும் திரும்பி அந்த மீசையைப் பார்த்தார். அவர் காது மடல் மெல்லச் சிவந்தது.

கையெழுத்து மத்தியானம் விழுந்துவிட்டது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதற்காக யாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். அதற்கு முன்னால் அவர் "மறுபடியும்" என்றார். மாமியாரைத் தோளைப் பிடித்து வெளியே நடத்தினார். கோப்போடு டாக்டரம்மாவையும் அனுப்பினார், மொழிபெயர்க்கும் பெண்ணையும் அனுப்பினார். கதவைச் சாத்திவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காலையில் கற்றுக்கொண்ட ஒரே தமிழ் வார்த்தையைச் சொன்னார்.

"சொல்லுங்க."

விஷக்கா தலையணைக்கு அடியில் கையை விட்டுப் பொட்டலத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி அதை மூடினாள். பிறகு கண்ணைத் திறந்து, மோவாயால் மாமியார் நின்ற கதவுப் பக்கம் காட்டி, உதட்டின்மேல் விரலை வைத்தாள்.